உரிவு: தார் வீதிக்குள் தண்ணீர் செய்யும் வேலைக்கு ஒரு சொல்

மாரி முடிந்த கையோடு, காபட் வீதியில் விழுந்த பள்ளத்தின் ஓரத்துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மேற்பக்கம் கறுப்பாகவே இருக்கும். அடிப்பக்கத்துச் சல்லிக்கல் கழுவிவைத்ததுபோல வெறுமையாகத் தெரிந்தால், தண்ணீர் தாரைக் கல்லிலிருந்து கழற்றிவிட்டது என்று பொருள். அதுதான் உரிவு. ஆங்கிலத்தில் 'ஸ்ரிப்பிங்'.

'ஸ்ரிப்' என்றால் மேலே இருப்பதைக் களைதல். தமிழில் 'உரி' அதற்கென்றே பிறந்த வினை. பொச்சு உரிக்கிறோம், வெங்காயம் உரிக்கிறோம், பாம்பு சட்டை உரிக்கிறது. ஒட்டியிருந்த போர்வை கழன்று உள்ளே இருப்பது வெளிப்படும் இடமெல்லாம் உரிதான்.

உரிவையும், நீர் புகுந்து தார் தானே இளகிப் பலம் இழப்பதையும் சேர்த்து 'ஈரப்பதச் சேதம்' என்று எழுதுகிறார்கள். ஈரப்பதம் என்பது வானிலை அறிக்கையில் காற்றிலுள்ள நீராவிக்கு வழங்கும் சொல். வீதியைக் கெடுப்பது பெரும்பாலும் இடைவெளிகளில் தேங்கி, சில்லு ஏறும்போதெல்லாம் அழுத்தப்பட்டு அங்குமிங்கும் பாயும் தண்ணீர். ஆகவே 'நீர்ச்சிதைவு' என்பதே சரி. அதற்கு ஈடுகொடுக்கும் பண்பை 'எதிர்ப்பு' என்பதைவிட 'நீர்தாங்குதிறன்' எனலாம். சோதனையில் அளப்பதும் எவ்வளவு தாங்கி மிஞ்சுகிறது என்பதைத்தான்.

'தார்' ஆங்கில 'டார்' வழி வந்தது. நிலக்கரியிலிருந்தோ மரத்திலிருந்தோ கிடைப்பதற்கே அந்தப் பெயர் உரியது. இன்று வீதிக்கு ஊற்றுவது பெற்றோலிய எண்ணெயின் அடிமண்டியான பிற்றுமின். அதற்குத் தமிழ் 'நிலக்கீல்'. கீல் என்பது மரக்கலங்களுக்குப் பூசும் பிசினுக்குப் பழைய பெயர். தண்ணீரைத் தடுக்கப் பூசிய பொருளின் பெயரே வீதிக்கும் வந்திருப்பது பொருத்தம்தான். பேச்சு வழக்கை ஒட்டி இங்கே நிலக்கீலைத் தார் என்றும் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கீலைக் கல் எப்போதும் பிடித்துக்கொள்வதில்லை. இலங்கையின் கிழக்கில் அடிப்பாறை 'விஜயன் தொகுதி' என்னும் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தது. கருங்கல் என்று நாம் உடைப்பதில் பெரும்பகுதி சிலிக்கா மிகுந்த நைசுப் பாறை. சிலிக்காவுக்குத் தாரைவிடத் தண்ணீரோடு உறவு அதிகம். சுண்ணக்கல்லில் இந்தத் தொல்லை குறைவு.

இனி 'நார் வலுவூட்டிய நிலக்கீற் கலவை'. இந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். நார் பசை அல்ல. கல்லையும் தாரையும் அது ஒட்டவைக்காது. அது செய்வது இரண்டு: சூடான தார் வடிந்து போகாமல் பிடித்துக் கல்மேல் தடித்த படலமாக நிறுத்தும், வெடிப்பை இரு பக்கமும் இழுத்துப் பிடித்து நீர் நுழையும் வழியைச் சுருக்கும். செலுலோசு நார் என்றால் வழமையான அளவு கலவை நிறையில் 0.3%, அதாவது தொன்னுக்கு 3 கிலோ. நார் தாரைக் குடிக்கும். பழைய தார் அளவையே வைத்துக்கொண்டு நாரை மட்டும் கொட்டினால் படலம் மெலியும், இறுக்கம் குறையும், காற்றிடைவெளி கூடும், உரிவு முன்னைவிட விரைவாக வரும். கலவைக்கு ஏற்ற தார் அளவைக் காட்டும் மார்ஷல் சோதனையைத் திரும்பச் செய்து தார் அளவைப் புதிதாகக் காணவேண்டும். நாரைத் தார் ஊற்றுமுன் சூடான கல்லோடு உலரக் கலக்கவேண்டும். திரண்டு முடிச்சானால் அந்த இடமே பலவீனம். பொலிப்புரொப்பிலீன் நார் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகும். கலவைச் சூடு அதைத் தொட்டால் அது நாராக மிஞ்சாது.

ஒட்டவைக்கும் வேலைக்கு நீறிய சுண்ணாம்பு இருக்கிறது, கல் நிறையில் 1 முதல் 1.5% வரை. நாரைச் சேர்த்தோம் என்று இதை விட்டுவிடுவதுதான் பெரிய பிழை.

நீர்தாங்குதிறனை அளக்க, அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் டி 283 முறை இருக்கிறது. சுமார் 7% காற்றிடைவெளியுள்ள மாதிரிகளில் பாதியை உலர வைப்பார்கள். மறுபாதியின் இடைவெளிகளில் 70 முதல் 80% வரை நீர் ஏற்றி, உறையவைத்து, 60 பாகை நீரில் 24 மணிநேரம் வைப்பார்கள். பிறகு இரண்டையும் 25 பாகையில் பிளப்பார்கள். நனைந்ததன் இழுவைப் பலத்தை உலர்ந்ததன் பலத்தால் வகுத்தால் வருவது 'இழுவைப் பலவிகிதம்', பொதுவாக 0.80க்குக் குறையக்கூடாது. பிளந்த முகத்தையும் பார்க்கவேண்டும்: விகிதம் தேறினாலும் வெறுங்கல் தெரிந்தால் உரிவு தொடங்கிவிட்டது.

நம் கரையோரத் தென்னந்தும்பும் நார்தான், ஆனால் தண்ணீரை உறிஞ்சும் நார். நன்றாக உலர்த்தாமல் போட்டால், வெளியே வைக்கவேண்டிய தண்ணீரை நாமே கலவைக்குள் வைத்ததாகும்.