செரிமானம்: சொல் விளக்கம்

பேச்சில் ஜீரணம், பாடநூலில் செரிமானம் அல்லது செரித்தல், இலங்கைத் தமிழில் சமிபாடு. மூன்றும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன. உண்ட உணவின் பெரிய மூலக்கூறுகள், குடல் சுவரைக் கடந்து போகும் அளவுக்குச் சிறியவையாக உடைபடுவதே அது.

ஜீரணம் வடசொல். 'ஜீர்ண' என்றால் முதிர்ந்த, தேய்ந்த, சிதைந்த என்று பொருள். சிதிலமான கோயிலைப் புதுப்பிக்கும் பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்ற பெயர் வந்ததும் இந்தச் சொல்லிலிருந்துதான். உணவு வயிற்றில் நைந்து தேய்ந்து போகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. சீரணம் என்று எழுதினாலும் சொல் அதேதான்.

தமிழில் இதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு: அறுதல். 'அருந்தியது அற்றது போற்றி உணின்' உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்கிறது திருக்குறள். முன்பு உண்டது முழுவதும் செரித்துத் தீர்ந்ததா என்று பார்த்து உண்ணச் சொல்கிறது. அதே அதிகாரத்தில், செரிக்கும் ஆற்றலுக்குத் 'தீ' என்று பெயர். பசியைத் தீயாகப் பார்த்த காலத்துக்கு அது பொருத்தமான சொல்தான். ஆனால் வயிற்றில் எதுவும் எரிவதில்லை.

அங்கே நடப்பது வேதிவினை. இதைத் தெளிவாகக் காட்டியவர் வில்லியம் போமண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குக் குண்டுக்காயம் பட்டு, வயிற்றில் ஆறாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. போமண்ட் அதன் வழியாக இரைப்பைச் சாற்றை எடுத்து, குப்பியில் இறைச்சியோடு சேர்த்து உடல் சூட்டில் வைத்தார். வயிற்றுக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது. அப்படியானால் வேலை செய்வது வயிற்றின் அரைப்பு மட்டும் அல்ல, அந்தச் சாறும்தான். 1836இல் தியோடர் ஷ்வான் அந்தச் சாற்றிலுள்ள பெப்சினைக் கண்டறிந்தார்.

பெப்சின் ஒரு நொதி, அதாவது வேதிவினையை விரைவாக்கும் புரதம். மூலக்கூறின் பிணைப்பில் தண்ணீரைச் சேர்த்து அதைப் பிளக்க உதவுகிறது. பாடநூல்கள் இதை நீராற்பகுப்பு என்கின்றன. செரித்தலின் உயிர்நாடி இதுதான். மாவுச்சத்தைப் பிளக்கும் வேலை வாயில், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதியால் தொடங்கும். புரதம் இரைப்பையின் அமிலத்தில் பெப்சினைச் சந்திக்கிறது. ஆனால் பெரும்பகுதி வேலை சிறுகுடலில்தான் நடக்கிறது. கணையம் அனுப்பும் நொதிகளான டிரிப்சின் (புரதத்துக்கு), லிப்பேஸ் (கொழுப்புக்கு), அமைலேஸ் மூன்றும் அங்கே சேர்கின்றன. பித்தநீரில் செரிக்கும் நொதி இல்லை. கொழுப்பைச் சிறு துளிகளாக்கி லிப்பேஸுக்கு வழிவிடுவதே அதன் பங்கு. கடைசியில் மாவுச்சத்து குளுக்கோஸாகவும், புரதம் பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவும் மாறுகின்றன.

சரி, சொல்லுக்கு வருவோம். செரி என்பது தமிழ் வினை. கட்டுமானம், சேர்மானம் போல அதனோடு மானம் சேர்ந்து செரிமானம் ஆகிறது. செயலைச் சொல்லும்போது செரித்தல் என்றே எழுதலாம். 'செரிமானம் ஆகவில்லை' என்பதைவிடச் 'செரிக்கவில்லை' எவ்வளவு எளிது! செரிமான மண்டலம், செரிமானக் கோளாறு போன்ற தொடர்களுக்குச் செரிமானம் வசதி. அஜீரணத்துக்குச் செரியாமை இருக்கிறது. 'செமிக்கல' என்று பேச்சில் கேட்கிறதே, அதைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம். சமிபாட்டின் சமியும் அந்தச் செமியும் ஒரே வினையின் இரு வடிவங்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். உடைபடுவது செரித்தல், உடைந்தது குடல் சுவர் வழியாக இரத்தத்துக்கோ நிணநீருக்கோ போவது உட்கிரகித்தல். 'சத்து செரித்து உடலில் சேர்ந்தது' என்று ஒரே மூச்சில் சொன்னாலும் அவை வேறு வேறு கட்டங்கள். குளுக்கோஸை நேரடியாகக் குடித்தால் அதைச் செரிக்கத் தேவையே இல்லை, அப்படியே உட்கிரகிக்கப்படும். நார்ச்சத்து நேர் எதிர். அதிலுள்ள செல்லுலோஸைப் பிளக்கும் நொதி மனித உடலில் உருவாவதில்லை. எனவே அது செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நார்ச்சத்தில் ஒரு பகுதியை நொதிக்கச் செய்கின்றன, மீதி மலத்தோடு வெளியேறுகிறது.