6.15 மீட்டரில் ஒரு தலைமை அலுவலகம்: ஸ்லினின் 21-ஆம் எண் கட்டடம்

பாட்டாவை இந்தியக் கம்பெனி என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் 1934-லேயே உருவாகிவிட்டதால் அப்படித் தோன்றுவதில் தவறில்லை. ஆனால் அதன் பிறப்பிடம் செக் நாட்டின் ஸ்லின் ஊர். அங்கே 1894-இல் தொடங்கிய செருப்புப் பட்டறை, நாற்பது ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கடை வைத்த நிறுவனமானது. 1938-இல் அது கட்டி முடித்த தலைமை அலுவலகம் 77.5 மீட்டர் உயரம், தரைத்தளத்துக்கு மேல் 16 மாடி. இத்தனை பெரிய கட்டடத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஆலை வளாகத்துக் கொட்டகைகளுக்குப் போட்டது போல இதற்கும் ஓர் எண், 21. ஊர்க்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய நிறுவனக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டடத்தை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். வரலாறு தெரியாமல் இடிக்கிறார்கள் என்று புலம்புவது எளிது. காப்பாற்றுகிறோம் என்று இறங்குபவர்கள் கட்டடத்தின் கணக்கு தெரியாமல் அதைக் கெடுப்பதுதான் அதிகம். 21-ஆம் எண்ணில் அந்தக் கணக்கு வெளிப்படையாகவே தெரியும்.

வடிவமைத்தவர் விளாதிமீர் கார்ஃபீக். பாரிஸில் லெ கார்பூசியே, அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட் என்ற இரு பெரிய கட்டடக் கலைஞர்களிடமும் வேலை பார்த்துவிட்டு, 1930-இல் பாட்டாவின் கட்டுமானப் பிரிவுக்கு வந்தவர். அங்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. தூணுக்குத் தூண் 6.15 மீட்டர் இடைவெளி என்று ஆலைக் கட்டடங்களுக்கு ஏற்கெனவே ஓர் அளவு வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட 20 அடி. அகலத்தில் 3 கட்டம், நீளத்தில் 13 கட்டம். 13-ஐ 6.15-ஆல் பெருக்கிப் பாருங்கள், 79.95 வரும். சுமார் 80 மீட்டர் நீளம், பதினெட்டரை மீட்டர் அகலம் என்ற தளம் அப்படி வந்ததுதான். அதையே செருப்பு தைக்கவும் வைத்தார்கள், தோல் அடுக்கவும் வைத்தார்கள், கடைசியில் கணக்கு எழுதவும் வைத்தார்கள்.

ஒரே அளவு என்றால் கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகையும், அதாவது ஷட்டரிங்கும், ஒன்றே. ஒரு கட்டடத்தில் கழற்றிய சென்ட்ரிங்கை அடுத்ததில் பூட்டலாம். கம்பி வளைப்பவருக்கு அட்டவணை மனப்பாடம். கான்கிரீட் சட்டகத்துக்கு இடையே சிவப்புச் செங்கல், அதற்கு மேல் ஜன்னல், அவ்வளவுதான் முகப்பு. இங்கிலாந்தின் ஈஸ்ட் டில்பரியில் இதே நிறுவனம் கட்டிய ஆலையைப் பார்த்தாலும் ஸ்லினின் சாயல் அப்படியே தெரியும். அலங்காரம் தேடுபவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தச் செங்கல்லும் கான்கிரீட்டும் பூச்சில்லாமல் நிற்கும் நேர்த்தியே அலங்காரம். இதன்மேல் பெயின்ட் அடிக்க நினைப்பவரைத் தளத்துக்குள் விடக்கூடாது.

லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் தளத்தின் நடுவிலிருந்து வெளியே தள்ளி, பக்கவாட்டில் துருத்தும் பகுதிகளில் வைத்தார் கார்ஃபீக். கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. இதனால் 80 மீட்டர் தளத்தில் நிரந்தரச் சுவர் என்று ஒன்றும் இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் தரையிலேயே வந்தன. மேசைகளை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். கதவில்லாத பெட்டிகள் சங்கிலியில் நிற்காமல் சுற்றிவரும் பாட்டர்னாஸ்டர் லிஃப்டும் உண்டு. ஓடும் பெட்டியில் கால் வைத்து ஏறி, ஓடும் பெட்டியிலிருந்தே இறங்க வேண்டும். முதல்முறை ஏறுபவர் ஒரு பெட்டியையாவது தவறவிடுவார்.

எல்லோரும் பேசுவது முதலாளியின் அறையைத்தான். நிறுவனர் தொமாஷ் பாட்டா 1932 ஜூலை 12-இல் விமான விபத்தில் இறந்த பிறகு பொறுப்பேற்றவர் யான் அன்டோனின் பாட்டா. அவருடைய அலுவலக அறையே ஒரு லிஃப்ட். சுமார் 6 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு முழுக் கட்டம். உள்ளே மேசை, தொலைபேசி, குளிர்சாதனம், வெந்நீரும் தண்ணீரும் வரும் கைகழுவும் தொட்டி. எந்த மாடியில் வேலையோ அங்கே அறையே போய் நிற்கும். ஊழியரை மேலே கூப்பிடாமல் முதலாளி இறங்கி வருகிறார் என்று இதைப் புகழ்வார்கள். எந்த நிமிடமும் கதவு திறக்கலாம் என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். எப்படியானாலும் அவர் 1939-லேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார். 1945-இல் நிறுவனம் அரசுடைமையானது. 1949 முதல் 1990 வரை ஊரின் பெயரே கோட்வால்டோவ். கட்டடம் மட்டும் 1958-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 2004-இல் புதுப்பித்து முடித்து, இன்று ஸ்லின் பிராந்திய நிர்வாகமும் வரி அலுவலகமும் அங்கே இயங்குகின்றன.

இதே வயதுள்ள கான்கிரீட் கட்டடம் ஒன்று கைக்கு வந்தால் என்ன பார்ப்பது? முதலில் கார்பனேற்றம். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையை வெளியிலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வரும். காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. ஒரு மூலையைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் அங்கே காரம் மிச்சமிருக்கிறது. நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. நிறம் மாறாத பட்டையின் ஆழத்தை அளந்து, உள்ளே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கவர் மீட்டர் கருவி காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தில் வளரும். 25 ஆண்டில் 10 மி.மீ. போயிருந்தால் 100 ஆண்டில் 20 மி.மீ. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், 15 மி.மீ. மட்டுமே என்றால் இடையிலேயே கம்பியைத் தொட்டுவிடும்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். உலர்ந்த உள் அறையில்தான் கார்பனேற்றம் வேகமாகப் போகும்; சோதனையில் பயமுறுத்தும் எண் வரும். ஆனால் ஈரம் இல்லாததால் கம்பி அப்படியே இருக்கும். உண்மையான ஆபத்து வெளித் தூண்கள், மொட்டைமாடி ஓரம், கசியும் குழாய்க்குப் பக்கத்து ஸ்லாப். உள்ளே இருக்கும் எல்லாத் தூண்களையும் கொத்திப் போட்டுவிட்டு மொட்டைமாடி வடிகாலை மறந்தால் பணமும் போகும், கட்டடமும் போகும்.

துருப்பிடித்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசுவது அடுத்த தவறு. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் கவர் பிளக்கிறது. கம்பியின் முன்பக்கம் மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கத்திலிருந்து மறுபடி கிளம்பும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்படி, சுமார் 20 மி.மீ., உடைத்து எடுத்து, சுற்றிலும் துருவை நீக்கி, ஓரங்களைச் சதுரமாக வெட்டி, ஈரப்படுத்திய பிறகே பேட்ச் போட வேண்டும். அப்படிச் செய்தாலும், பேட்ச் போட்ட இடத்தை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் சில ஆண்டுகளில் புதுத் துரு வரலாம். ஆகவே கெட்டுப்போன எல்லை எங்கே முடிகிறது என்று சுத்தியால் தட்டிக் கேட்டுக் குறித்த பிறகுதான் உளியை எடுக்க வேண்டும். பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

செங்கல் நிரப்பில் வேறு வம்பு. செங்கற்களுக்கு இடையிலான கலவை மூட்டு உதிர்ந்த இடத்தில் கெட்டியான சிமென்ட் கலவையைத் திணித்தால், ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். செங்கல்லைவிடக் கலவை வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். பனிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊரில் இது இன்னும் கடுமை. உள்ளே வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டினால் செங்கல் பகுதி வழியாக வெப்பம் வெளியேறுவது குறையும். ஆனால் வெளித் தூணும் பீமும் குளிர்ந்தே இருக்கும். உட்காற்றின் ஈரமெல்லாம் அங்கே வந்து வியர்க்கும், ஈரம் கிடைக்காமல் சும்மா இருந்த கம்பி அப்போது விழித்துக்கொள்ளும்.

அறை பிரிப்பதிலும் கணக்கு உண்டு. திறந்த தளத்தை வரி அலுவலகம் போன்ற ஒன்றுக்குக் கொடுத்தால் தனியறை கேட்பார்கள். 6.15-ஐ மூன்றாகப் பிரித்தால் 2.05 மீட்டர். தடுப்புகள் இந்த மடங்குகளில் நின்றால் ஜன்னல் சட்டத்தில் போய் முடியும். கண்ணாடியின் நடுவில் முட்டினால் பக்கத்து அறைப் பேச்சு கசியும், தெருவிலிருந்து பார்க்க அசிங்கமாகவும் இருக்கும். தனியறை கேட்பவர்களே கோப்பு அலமாரியும் கேட்பார்கள். சாதாரண அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோதான் கணக்கு. தண்டவாளத்தில் நகரும் அலமாரி, இரண்டு மீட்டர் உயரத்துக்குக் காகிதம் நிரம்பினால் அதைத் தாராளமாகத் தாண்டும். தூணுக்குப் பக்கத்தில் போடலாமா, தரைத்தளத்துக்கே இறக்கிவிடலாமா என்பதை அலமாரி ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

அதே ஊரில் 1933-இல் கட்டிய தொமாஷ் பாட்டா நினைவகத்துக்கு வேறு மாதிரி சிகிச்சை. ஃபிரான்டிஷெக் கஹூரா வடிவமைத்த அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுவனர் இறந்த யுங்கர்ஸ் ரக விமானம் ஒன்று இருந்தது; கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லை. 1950-களில் அதைக் கலைக்கூடமாகவும் இசை அரங்காகவும் மாற்றி, உள்ளே அடைத்தார்கள். 2019-இல் அந்த அடைசலை எல்லாம் அகற்றிப் பழையபடி வெறுமையாக்கினார்கள். 21-க்கு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அது மேசை போடுவதற்கென்றே கட்டிய இடம். பாட்டர்னாஸ்டர் இன்றும் ஓடுகிறது. மனுக்கொடுக்க வருபவர்கள் அதன் முன்னால் ஒரு பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறார்கள்.