பிளோக்காவோ: பதுங்குகுழி அல்ல, காவலரண்

வட மொராக்கோவின் ரிஃப் மலைப்பகுதியில் 1920-களில் அங்குள்ள மக்களோடு ஸ்பெயின் நடத்திய ரிஃப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஸ்பானியப் படையினர் பதுங்குகுழிகளில் சிக்கிக்கொண்டார்கள்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் எந்தக் குழியிலும் சிக்கவில்லை. சிக்கிய இடம் மலை உச்சி, அதன் பெயர் பிளோக்காவோ.

ஜெர்மன் மொழியில் 'பிளாக்' என்றால் மரக்கட்டை, 'ஹவுஸ்' வீடு. இரண்டும் சேர்ந்த சொல் ஸ்பானிய வாயில் பிளோக்காவோ ஆனது. கழற்றிக் கொண்டுபோய் வேண்டிய இடத்தில் பொருத்தக்கூடிய மரக் காவல் கூடம் என்பது பொருள். சரி, இவ்வளவுதான் சொல்வரலாறு.

இதைப் 'பதுங்குகுழி' என்பது ஏன் தவறு? பதுங்குகுழி தோண்டுவது, உள்ளே இறங்குவது, எதிரி கண்ணில் படாமல் இருப்பது. பிளோக்காவோ எல்லாவற்றிலும் நேர்மாறு. மரச்சட்டம், மணல் மூட்டை, தகரக் கூரை, சுற்றிலும் முள்கம்பி, உள்ளே ஒரு சிறு குழு, அதுவும் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும்படி குன்றின் மேல். 'இந்த நிலம் எங்களுடையது' என்று அந்த மலைகளின் பூர்வகுடிகளான அமசிக் மக்களுக்குக் காட்டவே அதை அங்கே வைத்தார்கள். ஸ்பானியத் தளபதி ஜெனரல் சில்வெஸ்த்ரே, ஸ்பெயின் வசமிருந்த மெலில்லா நகரிலிருந்து அல்உசேமா விரிகுடா நோக்கி முன்னேறியபோது இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நிலைகளில் தன் படையைச் சிதறவிட்டார். பெரும்பாலானவற்றில் தண்ணீர் கிடையாது. கோவேறு கழுதைகளோடு கீழே இறங்கி மொண்டுவர வேண்டும், அந்த வழியில்தான் ரிஃப் வீரர்கள் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். இகெரிபென் என்ற இடத்தில் இருந்தது பிளோக்காவோவைவிடப் பெரிய நிலை, முந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், ஆனாலும் 1921 ஜூலையில் முற்றுகை இறுகியபோது மை, வாசனைத் தைலம், கடைசியில் சிறுநீர் என்று குடிக்கும்படி ஆனது. ஜூலை 21-இல் அது விழுந்தது, மறுநாள் அருகிலிருந்த முக்கிய முகாமான அன்வாலும் சரிந்தது, சில வாரங்களில் ஸ்பானியத் தரப்பில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 'பதுங்குகுழி' என்று படிப்பவருக்கு இந்தத் தாகமும் புரியாது, தண்ணீர் வழியை அடைத்த ரிஃப் தலைவர் அப்த் எல் கரீமின் உத்தியும் புரியாது.

'தடுப்பு வீடு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கில வழியாக வந்த சொல்லைப் பார்த்து 'பிளாக்' என்றால் தடுப்பது என்று நினைத்ததன் விளைவு. அந்தக் காலப் படம் ஒன்றைப் பார்த்திருந்தால் போதும், ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அகராதியைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. 'கோட்டை' என்று எழுதுவோரும் உண்டு, தகரக் கூரைக்கு அது மிக அதிகம்.

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது: காவலரண். ஈழத்துப் போர்ச் செய்திகளில் 'முன்னரங்கக் காவலரண்' என்று எழுதியது இதே வகை முன்னணிக் காவல் நிலையைத்தான். ஷெல்லடிக்குத் தப்ப மக்கள் வெட்டியதைப் பதுங்குகுழி என்றார்கள். இரண்டையும் அவர்கள் குழப்பவே இல்லை. நாம் ஏன் குழப்ப வேண்டும்?

ஒரு மறுப்பு வரலாம். அரணுக்கு வேண்டியவற்றில் வள்ளுவர் முதலில் சொல்வது மணிநீர், தண்ணீரே இல்லாததை அரண் எனலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குறள் பேசுவது நாட்டைக் காக்கும் அரணை, முன்னால் 'காவல்' சேரும்போது அளவு தானாகவே சுருங்கிவிடுகிறது.

எனவே முதல் இடத்தில் 'பிளோக்காவோ எனப்படும் காவலரண்' என்றும், அப்புறம் காவலரண் என்றும் எழுதலாம். இகெரிபென் போன்ற பெரியவற்றுக்குப் 'படைநிலை' பொருந்தும்.