எளிய விகித வாய்பாடு: இதில் 'அனுபவம்' எங்கே வந்தது?

ஒரு வேதியியல் காணொளிக்கான தமிழ் வரிகளைத் திருத்தித் தரச் சொன்னார்கள், திறந்தால் முதல் நிமிடத்திலேயே 'அனுபவ வாய்பாடு'. இந்தச் சொல்லை எத்தனை முறைதான் பார்ப்பது!

சேர்மத்தில் உள்ள தனிமங்களின் அணுக்கள் மிகச் சிறிய முழு எண்களில் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று காட்டுவது எம்பிரிக்கல் ஃபார்முலா. கிரேக்கத்தில் 'பெய்ரா' என்றால் முயற்சி, சோதனை. அதிலிருந்து 'எம்பெய்ரியா', அதாவது அனுபவம். அதைத் தமிழில் 'அனுபவ வாய்பாடு' என்று ஆக்கியவர் அதோடு அகராதியை மூடிவிட்டார்.

தமிழில் அனுபவம் ஆளுக்கு ஆள் மாறுவது. 'என் அனுபவத்தில் சொல்றேன்' என்றால் எதிரில் இருப்பவருக்கு வேறு அனுபவம் இருக்கலாம் என்றுதான் பொருள். ஆய்வகத்தில் அப்படியா நடக்கிறது? 0.48 கிராம் மெக்னீசியம் நாடாவை மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) வைத்து முழுதும் எரிக்கிறோம், ஆறியதும் நிறுத்தால் 0.79 கிராம், அப்படியானால் சேர்ந்த ஆக்சிஜன் 0.31 கிராம். 0.48ஐ மெக்னீசியத்தின் அணு நிறையான 24.3ஆலும் 0.31ஐ ஆக்சிஜனின் அணு நிறையான 16ஆலும் வகுத்தால் கிட்டத்தட்ட 0.0198, 0.0194 மோல் (அணுக்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). விகிதம் 1க்கு 0.98, அளவீட்டுப் பிழையை ஒதுக்கினால் 1க்கு 1. யார் நிறுத்தாலும் இதுதான் வரும்.

'அனுபவ' என்று படித்த மாணவர் இதைக் குத்துமதிப்பு என்று எடுத்துக்கொள்கிறார், அதுதான் என் கோபம். 1க்கு 1.5 என்று வந்தால் அதையும் 2 ஆக்கிவிடுகிறார். அங்கே இரண்டையும் 2ஆல் பெருக்கி 2க்கு 3 என்று எழுத வேண்டும், இரும்பு துருவில் இருக்கும் ஆக்சைடு அப்படிப்பட்டதுதான்.

சரி, வடமொழி வேண்டாமென்று 'பட்டறிவு வாய்பாடு' என்கிறார்கள் சிலர். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனால் பட்டு அறிந்தது என்றாலும் அதே தவறுதான், உடை மட்டும் வேறு. 'சோதனை வாய்பாடு' மூலத்துக்கு நெருக்கம். ஆனால் ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்று சொல்லும் மூலக்கூறு வாய்பாட்டுக்கும் மூலக்கூறு நிறையைச் சோதனை செய்துதானே அறிகிறோம், பிறகு இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பாடநூலில் ஏற்கெனவே இருக்கிற 'எளிய விகித வாய்பாடு' போதும். வாய்பாடு என்ற சொல்லே இங்கே அழகாகப் பொருந்துகிறது. செய்யுள் இலக்கணமான யாப்பில் தேமா என்ற வாய்பாடு மாமரம் இல்லை, நேர் நேர் என்ற அசை அமைப்பு, 'கண்ணன்', 'பாடல்' இரண்டும் அதில் அடங்கும். அப்படியே ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்ற அமைப்பில் ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றும் அடங்கும். எது என்று தெரிய மூலக்கூறு நிறை வேண்டும்: 180 என்றால் அமைப்பின் நிறையான 30ஆல் வகுக்க 6 வரும், அது குளுக்கோஸுக்குப் பொருந்தும்.

காணொளியில் 'அனுபவ' பதினொரு இடத்தில் இருந்தது. பதினொன்றையும் மாற்றித்தான் திருப்பி அனுப்பினேன்.