வேக்குவம் கிளீனர் = தூசி உறிஞ்சி

வேக்குவம் என்பது வெறுமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதைத் துப்புரவுக் கருவியோடு சேர்த்தவர் ஹூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். லண்டனில் தூசியை ஊதித் தள்ளும் கருவி ஒன்றைப் பார்த்தவர், ஊதுவதற்குப் பதில் உள்ளே இழுத்தால் என்ன என்று யோசித்தார். உணவக நாற்காலி ஒன்றின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சினார். கைக்குட்டையின் அடிப்பக்கம் அழுக்கு அப்பியிருந்தது. 1901இல் காப்புரிமை பெற்றார். அவருடைய இயந்திரம் குதிரை வண்டியில் தெருவிலேயே நிற்கும். நீளமான குழாய்தான் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வெற்றிடத் தூய்மி' என்பது எனக்கு உடன்பாடில்லை. கருவிக்குள் வெற்றிடம் உண்டாவதே இல்லை. விசிறி சுழன்றதும் உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தூசியோடு பாய்ந்து வருகிறது. பை தூசியைப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டுவிடுகிறது. ஆக, செய்யும் வேலையைச் சரியாகச் சொல்வது 'தூசி உறிஞ்சி'தான்.

கொங்குநாட்டு ஸ்பின்னிங் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் நூல் அறுந்தால், வெளிவரும் பஞ்சைப் பறக்கவிடாமல் நியூமாஃபில் குழாய் இழுத்துக்கொள்ளும். அந்த 'சக்சன்' நம் உறிஞ்சலேதான்.

பழைய கருவிகளைச் சேகரிப்பவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் நீளக் கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று கிடைத்தால், முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரம் உருள உருள பிரஷ் மட்டும் சுற்றினால் அது கம்பளம் கூட்டி, சீமாறுக்குத்தான் சொந்தம். மோட்டாரும் விசிறியும் துணிப்பையும் இருந்தால் உறிஞ்சி. கைப்பிடியில் பை தொங்கும் அந்த வடிவம், அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பாங்லர் 1908இல் காப்புரிமை பெற்றது. அவர் முதலில் பையாகக் கட்டியது ஒரு தலையணை உறையை! உரிமையை ஹூவர் குடும்பம் வாங்கியது. படுத்த உருளையாக, அடியில் சறுக்குக் கட்டைகளோடு இருந்தால், எலக்ட்ரோலக்ஸ் 1921இல் கொண்டுவந்த வகை.

அப்புறம், கருவியின் விவரம் பொறித்த தகடு. 110 வோல்ட் என்றிருந்தால் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. காப்புரிமை ஆண்டு, கருவி செய்த ஆண்டு ஆகாது. அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே காட்டும். தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். நூல் சுற்றிய பழைய ஒயரை மாற்றாமல் பிளக்கில் செருகவும் கூடாது.