தலைகீழாகத் திருப்பினாலும் அதே எழுத்து

ஆங்கில நாளிதழ் ஏதாவது கையில் இருந்தால், தலைப்பில் பெரிய எழுத்து 'எஸ்' ஒன்றைத் தேடிப் பிடித்து, தாளை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பக்கத்தில் 'ஏ' இருந்தால் அது குடைசாய்ந்து நிற்கும். 'எஸ்' மட்டும் ஒன்றுமே நடக்காதது போல 'எஸ்' ஆகவே இருக்கும்.

இருபத்தாறு பெரிய எழுத்துகளில் எச், ஐ, என், ஓ, எஸ், எக்ஸ், இசட் என்ற ஏழுக்கு இந்தக் குணம் உண்டு. அரைச் சுற்று, அதாவது 180 பாகை திருப்பினால் பழைய உருவத்தின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் புத்தகத்தில் இதுதான் சுழல் சமச்சீர்.

எப்படிப் பொருந்துகிறது? 'இசட்' எழுத்தின் சாய்கோட்டு நடுவில் ஒரு குண்டூசி குத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊசியிலிருந்து மேலே வலது மூலை எவ்வளவு தூரமோ, நேர் எதிரே கீழே இடது மூலையும் அவ்வளவு தூரம். மூலைகள் மட்டுமல்ல, எழுத்தில் மை பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி எதிர்ப்புறம் ஒரு ஜோடி இருக்கிறது. அரைச் சுற்றில் ஜோடிகள் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இதைக் கண்ணாடிச் சமச்சீரோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 'ஏ' கண்ணாடியில் மாறாது, திருப்பினால் மாறிவிடும். 'எஸ்' இதற்கு நேர் எதிர்: திருப்பினால் மாறாது, கண்ணாடியில் இடவலம் புரண்டுவிடும்.

சரி, அந்த நாளிதழ் 'எஸ்'ஸை இன்னொரு முறை தலைகீழாக்கி உற்றுப் பாருங்கள். தலை கொஞ்சம் பெருத்திருப்பது தெரியும். மேல் வளைவும் கீழ் வளைவும் ஒரே அளவில் இருந்தால், நம் கண்ணுக்கு மேல்பாகம் பெரிதாகத் தோன்றும். அதனால் எழுத்துரு வடிவமைப்பவர்கள் மேல் வளைவைச் சற்றே சிறுக்க வைக்கிறார்கள். 'எச்' எழுத்தின் குறுக்குக் கோட்டையும் பெரும்பாலும் நடுவுக்கு ஒரு இழை மேலேதான் போடுகிறார்கள். கணக்குப்படி பார்த்தால் அச்சில் வரும் 'எஸ்' சமச்சீரே இல்லை. சமச்சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சமச்சீரைக் குலைத்த இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், ஒவ்வொரு அச்செழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். எது நேர், எது தலைகீழ் என்று விரலால் தடவியே தெரிந்துகொள்ளத்தான்.

தமிழில்? ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை, நம்முடையவை வளைந்து சுழிபவை. 'ப' இடவலமாகப் பொருந்தும், ஆனால் கவிழ்த்தால் வாசல் வளைவு போல் ஆகிவிடும். உயிர், மெய், உயிர்மெய் என்று தேடினாலும் திருப்பிப் பொருந்துவது கிடைக்காது. மிஞ்சுவது ஆய்தம். தொல்காப்பியம் 'முப்பாற்புள்ளி' என்று குறிக்கும் ஃ. மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைந்தால், 120 பாகைக்கு ஒரு தரம் அது தன்மேல் பொருந்தும். ஒரு முழுச் சுற்றில் மூன்று தடவை! அதற்கு, கீழ்ப்புள்ளிகளின் நடுவே 10 மில்லிமீட்டர் இருந்தால் மேல்புள்ளி சுமார் 8.7 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணாடிச் சமச்சீர் மட்டுமே மிஞ்சும். உங்கள் கைபேசியில் ஃ எழுத்தைப் பெரிதாக்கி, அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

ஆனால் நம் எழுத்துகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மதுரை அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் உள்ள தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் பழந்தமிழ் எழுத்தில், 'க' என்பது வெறும் கூட்டல் குறி. நான்கு கைகளும் சமமாக இருந்தால் 90 பாகைக்கு ஒரு முறை பொருந்தும். நெடுங்கோடு நீண்டுவிட்டால் 180க்கு ஒரு முறை. 'ண' ஆங்கில 'ஐ' போல, மேலும் கீழும் கட்டை வைத்த கோடு. 'ர' ஒற்றை நெடுங்கோடு. இவையும் அரைச் சுற்றில் மாறாதவை.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. எழுத்து தன் தலை எந்தப் பக்கம் என்று சொல்லாது. உடைந்த பானை ஓட்டில் ஒரே ஒரு 'க' மட்டும் கீறியிருந்தால், ஓட்டை எப்படிப் பிடிப்பது என்று அந்த எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதே கூட்டல் குறியின் காலடியில் உகரத்துக்காகப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கோடு சேர்ந்து 'கு' ஆகட்டும். அரைச் சுற்றில் அது இனித் தன்மேல் பொருந்தாது.