மலையில் பிரிந்து கடலில் சேரும் காற்று

2018 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில், எட்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 1,500 வாகனங்கள் பனியில் புதைந்து நின்றன. ஃபுகுயி நகரில் பனி 147 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. 2020 டிசம்பரில் நீகாட்டா பக்கம் கன்எட்சு விரைவுச்சாலையில் 2,000க்கும் மேற்பட்ட வண்டிகள் மாட்டிக்கொண்டன. ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஃபுகுயி இருப்பது மால்டா தீவின் அட்சரேகையில். அங்கே வீசும் சைபீரியக் காற்றோ வறண்ட காற்று. அப்படியிருக்க இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது?"

கடலிலிருந்துதான். சுஷிமா நீரோட்டம் கொண்டுவரும் வெதுவெதுப்பால், ஜப்பான் கடலின் தென்பகுதி நடுக்குளிரிலும் பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும். உறைநிலைக்கு வெகு கீழே உள்ள காற்று அதன்மேல் வரும்போது கடல் ஆவி விடுகிறது. அடியில் சூடேறிய காற்று மேலெழுந்து மேகமாகிறது. அப்புறம் ஜப்பானின் நடுமலைத்தொடர் அதை இன்னும் மேலே தள்ள, ஈரமெல்லாம் இந்தப் பக்கமே பனியாகக் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் அதே நாளில் பெரும்பாலும் வெயில்தான்.

இதுவரை பள்ளிப் பாடம். ஆனால் இது மட்டும் என்றால் பனி கடற்கரை நெடுகப் பரவலாக விழ வேண்டும். ஓர் ஊரை மூடிவிட்டுப் பக்கத்து ஊரை ஏன் விட்டுவிடுகிறது?

காரணம், கடலுக்கு அக்கரையில் நிற்கும் ஒரு மலை. சீன, வடகொரிய எல்லையில் உள்ள பெக்டு மலையின் உயரம் 2,744 மீட்டர். குளிர்ந்த காற்று கனமானது, மலையேற அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல இரண்டாகப் பிரிந்து மலையைச் சுற்றி வருகிறது. பிரிந்த இரண்டும் கடலின்மேல் மறுபடி சந்திக்கின்றன. இரு பக்கமும் நெருக்குகிறது, கீழே கடல். காற்றுக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி மேலே! சந்திக்கும் கோடு நெடுக மேகங்கள் எழும்பி, பல நூறு கிலோமீட்டர் நீளப் பட்டையாகின்றன. செயற்கைக்கோள் படத்தில் மற்ற மேகங்கள் மெல்லிய இழைகளாகத் தெரியும். இது மட்டும் தடித்த கயிறு. எங்கோ தூரத்து மலை ஒன்று கடலைத் தாண்டி விழுத்தும் நிழல் இது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அந்தக் கயிற்றின் நுனி கரையில் தொடும் இடம்தான் மாட்டிக்கொள்ளும். நுனி அசையாமல் நின்றால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டும். சாலையில் ஒரு லாரி சக்கரம் சுழன்று நின்றால் போதும், பின்னால் வரும் பனி அகற்றும் வண்டிக்கும் வழி இருக்காது. காற்றின் திசை சற்றே மாறினாலும் நுனி அடுத்த மாவட்டத்துக்கு நகர்ந்துவிடும். சாலையை முன்கூட்டியே மூடுவதா வேண்டாமா என்ற முடிவு இதனால்தான் அவ்வளவு கடினம்.

பட்டை உருவாவது கடலின்மேல். நம் கருவிகளில் பெரும்பாலானவை நிலத்தில். 2022 ஜனவரியில் மியே பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் கப்பல் அந்தப் பட்டைக்கு அடியிலேயே போய் வானிலை பலூன்களை விட்டு அளந்தது. நடுக்குளிர்காலக் கடலில், அலைக்கு நடுவே செய்த வேலை. இதுபோன்ற பயணங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.